விற்பனைக்கு இல்லாத பாதை

தாயக்கட்டையை உருட்டி, கட்டம் கட்டமாக நகர்ந்து, ஊர்களை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, அடுத்தவர் வந்து நின்றால் வாடகை வசூலிக்கும் ஆட்டத்தை நம்மில் பலர் 'டிரேட்' என்றோ 'பிசினஸ்' என்றோ அறிவோம். கோடை விடுமுறைப் பகல்களை விழுங்கிய அந்த அட்டைகளில் மும்பையும் தில்லியும் கட்டங்களாக இருந்தன. அவற்றின் மூலம் அமெரிக்காவில் 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மோனோபோலி'. மூல அட்டையில் 40 கட்டங்கள். அவற்றில் 22 கட்டங்கள் வாங்கி விற்கக்கூடிய நிலங்கள். ஒன்றைத் தவிர அவை அனைத்தும் நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரை ஊரின் தெருக்கள். ஆட்டத்திலேயே விலை உயர்ந்த இடம் கடைசிக் கட்டம். விலை 400 டாலர். அதில் விடுதி கட்டிவிட்டால், வந்து நிற்பவர் 2000 டாலர் எண்ணி வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தின் பெயர் 'போர்ட்வாக்'.

போர்ட்வாக் என்றால் பலகைப் பாதை. மணலின் மேல் மரப்பலகைகளை அடுக்கிப் போட்ட நடைபாதை. அட்லாண்டிக் சிட்டியில் அது இன்றும் இருக்கிறது. சுமார் 4 மைல் நீளம். ஆட்டத்தில் அனைவரும் வாங்கத் துடிக்கும் அந்த இடம் உண்மையில் ஒரு பொதுத்தெரு. யாரும் வாங்க முடியாது. நடக்க யாரும் காசு கொடுக்க வேண்டியதுமில்லை. பொதுவில் இருந்த ஒன்று விளையாட்டு அட்டையில் எப்படி மிக உயர்ந்த தனிச்சொத்தாக மாறிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் பின்தொடர விரும்பும் கேள்வி. அதைப் பின்தொடர்ந்து சென்றால் ஒரு நகரத்தின் வரலாற்றையும், மறக்கடிக்கப்பட்ட ஒரு பெண்ணையும், நிலம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கையும் வந்தடைகிறோம்.

*

அட்லாண்டிக் சிட்டி தானாக வளர்ந்த ஊர் அன்று. அப்சீக்கன் என்னும் மணல்தீவில் கொசுக்களும் சில மீனவர் குடும்பங்களும் மட்டுமே இருந்த காலத்தில், கடற்காற்று நோய் தீர்க்கும் என்று நம்பிய ஜோனதன் பிட்னி என்ற மருத்துவர் அங்கே ஓர் ஆரோக்கிய நகரை உருவாக்கக் கனவு கண்டார். கனவுக்கு முதலீட்டாளர்களும் ஒரு ரயில் நிறுவனமும் கிடைத்தன. 1854-இல் ஃபிலடெல்ஃபியா மக்களைக் கடலுக்கு ஏற்றிவரும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்பாதையின் பொறியாளர் ரிச்சர்ட் ஆஸ்போர்ன் நகரின் வரைபடத்தைத் தீட்டும்போது, கரைக்கு இணையாகச் செல்லும் தெருக்களுக்கு உலகின் கடல்களின் பெயர்களையும், கரையை நோக்கிச் செல்லும் தெருக்களுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர்களையும் சூட்டினார். பால்டிக், மெடிட்டரேனியன், பசிஃபிக் என்று ஒரு வரிசை. பென்சில்வேனியா, கென்டக்கி, இல்லினாய் என்று மறு வரிசை. ஆளற்ற மணல்மேட்டில் வாங்குவோரைக் கவர வைக்கப்பட்ட இப்பெயர்கள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகெங்கும் குழந்தைகளின் வாயில் புழங்கப் போகின்றன என்பதை ஆஸ்போர்ன் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கடற்கரைக்கு வந்தவர்கள் திரும்பும்போது கூடவே கடற்கரையையும் கொண்டு வந்தார்கள். காலணிகளிலும் நீண்ட பாவாடைகளின் விளிம்புகளிலும் ஒட்டிய மணல் விடுதிகளின் கம்பளங்களையும் ரயில்பெட்டிகளின் இருக்கைகளையும் பாழாக்கியது. இதனால் அதிகம் அவதிப்பட்டவர்கள் இருவர்: அலெக்சாண்டர் போர்ட்மன் என்ற ரயில் நடத்துனர், ஜேக்கப் கெய்ம் என்ற விடுதிக்காரர். மணலின் மேல் பலகை போட்டு நடக்க வழி செய்யலாம் என்று இவர்கள் நகர மன்றத்திடம் கோரினார்கள். 1870 ஜூன் 26 அன்று பாதை திறக்கப்பட்டது. ஒரு மைல் நீளம், 8 அடி அகலம், மணலிலிருந்து ஒன்றரை அடி உயரம். பலகைகள் துண்டு துண்டாகக் கழற்றத் தக்கவையாக இருந்தன; கோடை முடிந்ததும் பெயர்த்துக் கொட்டகையில் அடுக்கிவிடுவார்கள். செலவு ஏறக்குறைய 5000 டாலர், நகரத்தின் பொதுப்பணம். போர்ட்மன் பெயரிலிருந்தே 'போர்ட்வாக்' வந்தது என்று ஒரு கதை உண்டு. இனிமையான கதைதான். ஆனால் ஆங்கிலத்தில் பலகைக்கும் நடைக்கும் உள்ள சொற்களைச் சேர்த்தாலே அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது.

தொடக்கத்தில் பாதையை ஒட்டிக் கடை வைக்க அனுமதி இல்லை. துடைப்பத்தைப் போல, செருப்பு துடைக்கும் மிதியடியைப் போல, அது ஒரு சுத்தம் செய்யும் கருவி, அவ்வளவே. ஆனால் மக்கள் கூடி நடக்கும் இடத்தில் வியாபாரம் கூடாமல் இருக்குமா? 1880-களில் இருபுறமும் கடைகள், குளியலறைகள், மிட்டாய்க்கடைகள், நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிச் செல்லும் உருள்வண்டிகள் எல்லாம் வந்துவிட்டன. உப்புநீர் மிட்டாய் என்று பெயர்பெற்ற பண்டம் அந்த ஊரின் அடையாளமாகவே ஆயிற்று. புயலும் கூடவே வந்தது. 1889 செப்டம்பரில் கடல் பொங்கிப் பாதையை அழித்தது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் முன்பைவிட அகலமாகவும் உயரமாகவும் கட்டினார்கள். 1896-இல் ஐந்தாவது முறையாக இரும்புத் தூண்களின் மேல் 40 அடி அகலத்தில் எழுந்த பாதையை நகர மன்றம் முறைப்படி ஒரு தெருவாக அறிவித்தது. அன்றுமுதல் அது வெறும் பலகைப் பாதையன்று. 'போர்ட்வாக்' என்ற பெயருள்ள தெரு.

இங்கே ஒரு நுட்பமான பொருளாதார நிகழ்வு நடந்தேறியதைக் கவனிக்க வேண்டும். பொதுப்பணத்தில் பலகை போடப்பட்டது. அதில் நடக்கப் பொதுமக்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் வந்ததால் பாதையின் பின்னாலிருந்த மணல்மேடுகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வு போய்ச் சேர்ந்ததோ மணல்மேடுகளைச் சொந்தமாக வைத்திருந்த சிலரிடம். அவர்கள் தனியாக எதையும் செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நிலத்தை விற்காமல் காத்திருந்தால் போதுமானதாயிருந்தது.

*

இதே நிகழ்வைப் பற்றித்தான் ஹென்றி ஜார்ஜ் என்ற தானே கற்றுத் தேர்ந்த பொருளாதாரச் சிந்தனையாளர் 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை எழுதினார். நிலத்தின் மதிப்பைச் சமூகம் முழுவதும் சேர்ந்து உருவாக்குகிறது. ஆகவே அந்த மதிப்பின் மீது மட்டும் வரி விதித்து, உழைப்பின் மீதான மற்ற எல்லா வரிகளையும் நீக்கிவிடலாம் என்பது அவர் வாதம். 'ஒற்றை வரி' என்று இது அறியப்பட்டது. தமிழ் இலக்கிய வாசகருக்கு ஜார்ஜ் முற்றிலும் அந்நியர் அல்லர். டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலில் நெக்லூதவ் தன் நிலத்தைக் குடியானவர்களிடம் ஒப்படைக்க முற்படும்போது எடுத்துச் சொல்வது ஜார்ஜின் திட்டத்தையே. ரஷ்யப் பண்ணைக்கும் நியூ ஜெர்சிக் கடற்கரைக்கும் இடையே இப்படி ஒரு பாலம் இருப்பது நமக்கு வியப்பளிக்கிறது.

ஜார்ஜின் வாசகர்களில் ஒருவர் எலிசபெத் மகீ. லிஸ்ஸி என்று அழைக்கப்பட்டவர். 1866-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பத்திரிகை நடத்தியவர்; ஆபிரகாம் லிங்கனை அறிந்தவர்; ஜார்ஜின் நூலை மகள் கையில் கொடுத்தவர். லிஸ்ஸி சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்தார், கதைகளும் கவிதைகளும் எழுதினார், மேடையில் நடித்தார், தட்டச்சுப்பொறிக்கான ஒரு கருவிக்கு 1893-இல் காப்புரிமை பெற்றார். பெண்ணுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் கௌரவமாக வாழ முடியாது என்பதை உணர்த்த, 1906-இல் தன்னையே ஏலத்துக்கு விடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவரும் அவர்தான்.

நூலைப் படித்து உணரும் பொறுமை எல்லோருக்கும் இராது. விளையாடினால் புரிந்துவிடும் என்று அவர் எண்ணினார். விளைவாகப் பிறந்தது 'லேண்ட்லார்ட்ஸ் கேம்', அதாவது நிலக்கிழார் ஆட்டம். 1904 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. சதுரப் பலகையின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வரும் பாதை, வாங்கவும் வாடகைக்கு விடவும் நிலங்கள், ரயில்பாதைகள், ஒரு மூலையில் சிறை, தொடக்கக் கட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் கிடைக்கும் கூலி என்று பின்னாளில் நாம் அறிந்த எல்லாமே அதில் இருந்தன. பிரபு ஒருவரின் தோட்டத்தில் தெரியாமல் கால்வைத்தால் நேரே சிறைக்குப் போக வேண்டும். வாழ வழியற்றவர்களுக்கு ஏழையர் விடுதி உண்டு. அதே மூலையில் பொதுப்பூங்காவும் உண்டு. மோனோபோலியில் அந்தப் பூங்கா இருந்த மூலை 'இலவச வாகன நிறுத்தம்' ஆகிவிட்டது என்பதை மனத்தில் குறித்துக்கொள்வோம். மீண்டும் அங்கே வர நேரும்.

மகீ தன் ஆட்டத்துக்கு இரண்டு விதித்தொகுப்புகளை வகுத்தார். ஒன்றில், மற்றவர்களை நொடிக்க வைத்து எல்லா நிலத்தையும் கைப்பற்றுபவர் வெல்கிறார். மற்றொன்றில், நில வாடகை பொதுக் கருவூலத்துக்குச் செல்கிறது. மிகக் குறைந்த பணத்துடன் தொடங்கியவரின் கையிருப்பு இருமடங்கானதும் ஆட்டம் முடிந்து எல்லோரும் வெற்றி பெற்றவர்களாகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து விளையாடும் குழந்தைக்கு எது நியாயம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது என்பது அவர் நம்பிக்கை. மனித இயல்பு குறித்து அவர் கொஞ்சம் கூடுதலான நல்லெண்ணம் கொண்டிருந்தார் போலும். மக்கள் விரும்பி எடுத்துக்கொண்டது முதல் தொகுப்பையே.

*

ஆட்டம் கடைகளில் பெரிதாக விற்கவில்லை. கைகளின் வழியே பரவிற்று. ஜார்ஜின் கொள்கைப்படி 1900-இல் டெலவேர் மாநிலத்தில் நிறுவப்பட்ட ஆர்டன் என்ற சிற்றூரில் அதை விளையாடினார்கள். அங்கே கற்றுக்கொண்ட ஸ்காட் நியரிங் என்ற பொருளாதார ஆசிரியர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் கொண்டு சென்றார். மாணவர்கள் மெழுகுத் துணியில் கட்டம் வரைந்து, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை எழுதி, விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நாட்டார் பாடல் ஊர்தோறும் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டு நடப்பது போலவே இதுவும் நடந்தது. வாய்மொழி மரபில் எப்போதும் நேர்வதும் நேர்ந்தது: ஆக்கியவரின் பெயர் உதிர்ந்தது.

1929 வாக்கில் இண்டியானாபோலிஸிலிருந்து அட்லாண்டிக் சிட்டியின் குவேக்கர் பள்ளிக்கு வந்த ஓர் ஆசிரியை அந்த ஆட்டத்தையும் கொண்டு வந்தார். குவேக்கர்கள் மௌன வழிபாட்டினர். உரக்கக் கூவி ஏலம் கேட்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்கும் எளிதாக இருக்கட்டும் என்று நிலங்களின் விலைகளைப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். தெருப்பெயர்களாகத் தங்கள் ஊர்த் தெருக்களையே இட்டார்கள். இப்படித்தான் போர்ட்வாக் பலகையில் ஏறியது; அதற்கு விலையும் ஏறியது.

தாங்கள் வாழ்ந்த, பார்த்த ஊரைத்தான் அவர்கள் அட்டையில் வரைந்தார்கள். ஆடியவர்களில் வசதியானவர்கள் வென்ட்னர், பென்சில்வேனியா, பார்க் பிளேஸ் தெருக்களில் குடியிருந்தவர்கள். அவர்களில் ஒரு குடும்பத்தின் வீட்டு வேலைக்கு வந்துபோன கறுப்பினப் பெண் வசித்ததோ பால்டிக் அவென்யூவில். அட்டையில் பால்டிக்கின் விலை 60 டாலர். மெடிட்டரேனியனுக்கும் அதே 60. ஒரு நகரத்தின் நிறவெறி அட்டையின் விலைப்பட்டியலாக உறைந்திருப்பதை மேரி பைலன் 2015-இல் வெளியிட்ட 'தி மோனோபோலிஸ்ட்ஸ்' என்ற நூலைப் படிக்கும்போது உணர்கிறோம்.

உண்மையான போர்ட்வாக்கிலும் அந்த விலைப்பட்டியல் செல்லுபடியாயிற்று. உருள்நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் வெள்ளையர். தள்ளியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். விடுதிகளில் சமைத்தவர்களும் துணி துவைத்தவர்களும் அவர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்கள் குளிக்க அனுமதிக்கப்பட்டது மிசௌரி அவென்யூவை ஒட்டிய கடற்கரைத் துண்டில் மட்டும். 'கோழியெலும்புக் கடற்கரை' என்று அதை ஊரார் அழைத்தார்கள். அங்கே குடும்பம் குடும்பமாகக் கூடினார்கள். கென்டக்கி அவென்யூவின் ஜாஸ் விடுதிகளில் பாட வந்த பெரும் கலைஞர்களும் பகலில் அங்கே வந்து அமர்ந்தார்கள். இந்தப் பிரிவினை 1964-இல் குடியுரிமைச் சட்டம் வரும்வரை நீடித்தது. பொதுத்தெரு என்று சட்டம் சொன்னாலும், 'பொது' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பது வேறு விஷயமாகவே இருந்திருக்கிறது.

*

1930-களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்திருந்த சார்ல்ஸ் டாரோ என்ற ஃபிலடெல்ஃபியாக்காரர் ஒரு நண்பரின் வீட்டில் அட்லாண்டிக் சிட்டிப் பலகையில் ஆடக் கற்றுக்கொண்டார். விதிகளை எழுதித் தரும்படி நண்பரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பலகையைப் பிரதி செய்து விற்கத் தொடங்கினார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் அதை அவரிடமிருந்து வாங்கியது. வேலையற்ற ஒரு மனிதன், பசித்த குடும்பம், கடற்கரை விடுமுறைகளின் நினைவு, அதிலிருந்து முளைத்த ஆட்டம், கோடீஸ்வரரான கதை என்று ஒரு புராணம் உருவாயிற்று. பெருமந்தக் காலத்துக்கு அந்தப் புராணம் தேவைப்பட்டது. ஆட்டத்தோடு சேர்த்து அதையும் நிறுவனம் விற்றது.

பொய்யைக் காட்டிக்கொடுக்க ஓர் எழுத்துப்பிழை இருந்தது. மஞ்சள் நிறக் கட்டங்களில் ஒன்று 'மார்வின் கார்டன்ஸ்'. முதற்பத்தியில் நாம் குறிப்பிட்ட விதிவிலக்கு இதுவே. அது அட்லாண்டிக் சிட்டியில் இல்லை; சற்றுத் தள்ளி மார்கேட் என்ற ஊரின் எல்லையில் உள்ள குடியிருப்பு. மார்கேட், வென்ட்னர் என்ற இரு ஊர்ப்பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து வைத்த பெயர் என்பதால் சரியான உச்சரிப்பு 'மார்வென்'. டாரோவுக்குக் கற்றுக்கொடுத்த நண்பர் தன் பலகையில் பிழையாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே பிழை. இந்தப் பிழைக்காக 1995-இல் பார்க்கர் பிரதர்ஸ் மார்வென் குடியிருப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

மகீயின் காப்புரிமை வழியில் நின்றதால், 1935 நவம்பரில் நிறுவனம் அதை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. தன் ஆட்டம் இறுதியாக உலகைச் சென்றடையும் என்ற மகிழ்ச்சியில் அவர் சம்மதித்தார். டாரோவின் புகழ் பரவியதைக் கண்ட பிறகு, 1936 ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைகளிடம் தன் பழைய பலகையைக் கையில் ஏந்திக் காட்டிப் பேசினார். செய்தி வந்தது, மறக்கப்பட்டது. 1948-இல் அவர் மறைந்தபோது, அவரது பெயரை அந்த ஆட்டத்தோடு சேர்த்து நினைவுகூர அநேகமாக எவரும் இல்லை. நிலத்தின் பெறுமதியை உருவாக்குபவர்கள் ஒருவர், அனுபவிப்பவர்கள் வேறொருவர் என்பதை விளக்க ஆட்டம் கண்டுபிடித்தவருக்கு அந்த ஆட்டத்தின் விஷயத்திலேயே அப்படி நேர்ந்தது.

உண்மை வெளிவரக் காரணமாக இருந்தவர் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர். அவர் 1973-இல் 'ஆன்டி-மோனோபோலி' என்றொரு ஆட்டத்தை வெளியிட, நிறுவனம் எதிர்த்தது. வழக்குக்காக ஆதாரம் தேடிப் புறப்பட்ட அவர் பழைய குவேக்கர் ஆட்டக்காரர்களையும் மகீயின் காப்புரிமையையும் கண்டெடுத்தார். 1977-இல் அவரது ஆட்டத்தின் ஏறத்தாழ 40,000 பிரதிகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் மின்னசோட்டா மாநிலத்துக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அவர் விடவில்லை. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1983-இல் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆனால் புராணங்கள் நீதிமன்றத் தீர்ப்பால் சாவதில்லை. பெண் கண்டுபிடிப்பாளர்களைப் போற்றுவதாக 2019-இல் வெளிவந்த 'மிஸ் மோனோபோலி' என்ற பதிப்பிலும் மகீயின் பெயர் இல்லாதது கண்டு பலர் கண்டித்தார்கள்.

*

இனி ஆட்டத்தின் ரசிகர்களைப் பற்றி. 1972-இல் பால்டிக், மெடிட்டரேனியன் தெருக்களின் பெயர்களை மாற்றலாம் என்று அட்லாண்டிக் சிட்டி நிர்வாகத்தில் ஒரு யோசனை எழுந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. பார்க்கர் பிரதர்ஸின் தலைவரே எழுதினார். யோசனை கைவிடப்பட்டது. அந்தத் தெருக்களில் கால்வைத்திராதவர்கள் அவற்றின் பெயரைக் காப்பாற்றினார்கள். அதே 1972-இல் ஜான் மக்ஃபீ 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, மோனோபோலி ஆட்டமொன்றையும் அந்நகரின் உண்மைத் தெருக்களில் நடந்த நடையையும் மாறி மாறிச் சொல்லிச் செல்கிறது. அட்டையில் விடுதிகள் எழும் தெருக்களில் நிஜத்தில் இடிபாடுகளும் கைவிடப்பட்ட வீடுகளும். பெயரின் மீது காதல் கொண்டவர்கள் பெயருக்குரியவர்களைப் பார்க்கவில்லை என்பதை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல் அக்கட்டுரை காட்டிவிடுகிறது.

ரசிகர்களின் அன்பைப் பழிக்க வேண்டியதில்லை. ஆட்டக் காய்களில் ஒன்றான சலவைப்பெட்டியை நீக்கிப் பூனையை வைக்க 2013-இல் இணையத்தில் உலகெங்கும் வாக்களித்தவர்களும், தையல்காரரின் விரலுறை 2017-இல் விடைபெற்றபோது வருந்தியவர்களும் தங்கள் குழந்தைப்பருவத்தின் ஒரு துண்டையே காத்துக்கொள்ள முனைந்தார்கள். ஆனாலும் வாக்கெடுப்பு காய்களைப் பற்றியது, விதிகளைப் பற்றியதன்று. மகீ கேட்க நினைத்த கேள்வி விதிகளில் இருந்தது.

போர்ட்வாக்கில் வேறு விதமான கூட்டங்களும் கூடின. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு அங்குள்ள மாபெரும் அரங்கில் நடந்தது. வெள்ளையர் மட்டுமே கொண்ட மிஸிசிப்பிக் குழுவை எதிர்த்து வந்திருந்த விடுதலை ஜனநாயகக் கட்சியினர் அரங்குக்கு வெளியே பலகைகளின் மீது அமர்ந்து இரவும் பகலும் காத்திருந்தார்கள். வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகத் தான் அடிக்கப்பட்டதை ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்தித் தோட்டத் தொழிலாளி சொன்னது தொலைக்காட்சி வழியே நாடெங்கும் கேட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1968 செப்டம்பர் 7 அன்று, அதே அரங்கில் நடந்த மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டியை எதிர்த்துப் பெண்கள் போர்ட்வாக்கில் திரண்டார்கள்; உயர்குதி காலணிகளையும் உள்ளாடைகளையும் ஒரு குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். 'உள்ளாடை எரிப்பு' என்று உலகம் இன்றும் சொல்வது அந்த நாளைத்தான். எதுவும் எரிக்கப்படவில்லை. மரப்பலகைப் பாதையில் தீ கூடாது என்று நகர நிர்வாகம் கவலைப்பட்டது. பெண்களும் அதற்கு உடன்பட்டிருந்தார்கள்.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரு தனியார் விடுதியின் முற்றத்தில் நடந்திருக்க முடியாது. சொந்தக்காரர் வெளியேறச் சொல்லியிருப்பார். அது தெருவாக இருந்ததால் நடந்தது.

*

1976-இல் நியூ ஜெர்சி மக்கள் வாக்களித்து அட்லாண்டிக் சிட்டியில் மட்டும் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தார்கள். 1978 மே மாதம் முதல் விடுதி திறந்தது. அடுத்த ஆண்டே பார்க் பிளேஸின் பெயரைத் தாங்கியே ஒரு சூதாட்ட விடுதி எழுந்தது. அட்டையில் இருந்த புனித சார்ல்ஸ் பிளேஸ் இன்னொரு விடுதியின் அடியில் மறைந்தது. நகரம் தன் ஆட்டத்தைப் பின்பற்றத் தொடங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதில் ஒரு காட்சியை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம். போர்ட்வாக்கின் அருகே சிறு வாடகைக் குடியிருப்பு ஒன்றை வைத்திருந்த ஒரு மூதாட்டி, பக்கத்தில் டொனால்ட் டிரம்ப் கட்டிய சூதாட்ட விடுதிக்குத் தன் வீட்டை விற்க மறுத்துவிட்டார். பொதுப் பயனுக்காக நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைக் கொண்டு மாநில அமைப்பு ஒன்று அந்த வீட்டை எடுக்க முயன்றது. விருந்தினர்களின் சொகுசு வாகனங்களை நிறுத்துவதற்கும் இடம் வேண்டியிருந்தது. மகீயின் பலகையில் பொதுப்பூங்கா இருந்த மூலை வாகன நிறுத்தமாக மாறியதை முன்பே பார்த்தோம். இம்முறை நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. 1998-இல் மூதாட்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தச் சூதாட்ட விடுதி 2014-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் மேலும் மூன்று விடுதிகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 2021 பிப்ரவரி 17 அன்று அந்தக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மகீயின் முதல் விதித்தொகுப்பின்படி ஆட்டம் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் நொடித்துப் போனதும் முடிகிறது. ஆனால் வாடகை கொடுக்க எவரும் மீதமில்லாத பலகையில் 400 டாலர் நிலத்துக்கு என்ன மதிப்பு? அட்டையை மடித்துப் பெட்டியில் வைப்பதைத் தவிர வென்றவருக்கு வேறு வேலை இல்லை. ஊரை அப்படி மடித்து வைக்க முடியாது. பிழைப்பு போனவர்கள் மறுநாளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

போர்ட்வாக்கும் பார்க் பிளேஸும் சந்திக்கும் இடத்தருகே 1970-இல் ஒரு நினைவுப் பலகையை வைத்தார்கள். அது சார்ல்ஸ் டாரோவைப் போற்றுவது. மகீக்கு உரிய மரியாதை எழுத்திலும் வகுப்பறைகளிலும் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்கிறது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றிலும் உள்ள பலகைகளை அவரது கொள்கைக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ள நமக்குத் தடையில்லை. 1944-இன் பெரும்புயலும் 2012-இன் சாண்டிப் புயலும் அவற்றின் பகுதிகளைப் பெயர்த்தெறிந்தன. ஆயினும் பாதை இன்றும் பொதுவில்தான் இருக்கிறது. பின்னாலிருந்த விடுதிகள் கைமாறின, பெயர்மாறின, சில இடிந்தன. முன்னாலிருந்த பாதையை யாரும் வாங்கவில்லை. அடுத்தமுறை நம் வீட்டுக் குழந்தைகள் அட்டையை விரித்து அமரும்போது, இந்த ஆட்டத்துக்கு இரண்டாவது விதித்தொகுப்பு ஒன்று இருந்தது என்பதை அவர்களிடம் சொல்லலாம். ஒருமுறை அப்படியும் ஆடிப்பார்க்கலாம்.